மனைவிக்கு பெர்த்தில் வேலை ஆகிவிட்டது. தண்டையார்பேட்டையிலிருந்து நானும் கிளம்பலாமா?

தண்டையார்பேட்டை வெல்டர் | செப்டம்பர் 6, 2025, இரவு 11.42

வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிக்கிறவன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் மனைவி நர்ஸ். ஆஸ்திரேலியப் பதிவுக்காக என்சிலெக்ஸ் என்கிற நர்ஸ் தேர்வு எழுதினாள், அப்புறம் அடிலெய்டு போய் செய்முறைத் தேர்வையும் முடித்துவிட்டு வந்தாள். அந்த ஒரு பயணத்துக்கு அவள் வளையல் நான்கும் அடகுக்கடைக்குப் போனது, இன்னும் மீட்கவில்லை. இப்போது மேற்குக் கரையில் இருக்கிற பெர்த் ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை உறுதி. 482 என்கிற தற்காலிக வேலை விசா, அந்த இல்லத்துக்காரர்களே ஸ்பான்சர். நானும் மகளும் (யு.கே.ஜி. படிக்கிறாள்) அவளுடைய விசாவிலேயே போகலாம்.

நான் காட்டுப்பள்ளிப் பக்கம் 11 வருடமாக வெல்டர். 6ஜி பைப் (சாய்வாக நிறுத்திய குழாயைச் சுற்றிப் பற்றவைப்பது) வரை டெஸ்ட் பாஸ். அங்கே போய் மனைவி சம்பளத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேனோ என்று பயமாக இருக்கிறது. இன்னொரு பக்கம் அம்மா. காசிமேட்டில் முப்பது வருடமாக மீன் விற்கிறவர். "நீங்க போங்க, நான் வரல, அங்க எனக்கு யாரைத் தெரியும்" என்று ஒரே பேச்சு.

சொந்தக்காரர்கள் எல்லாரும் "வெயில் ஊரு, கடற்கரை ஊரு, நம்ம ஊர் மாதிரியே இருக்கும், பயப்படாத" என்கிறார்கள். அப்படியா? கையில் எவ்வளவு இருந்தால் தாக்குப் பிடிக்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எண்ணூர் கழிமுகம் | செப்டம்பர் 7, காலை 6.15

வெயிலும் கடலும்தான் வேண்டுமென்றால் எர்ணாவூரிலேயே கிடைக்கிறதே தல. நிலக்கரிச் சாம்பல் இலவசம்.

ராயபுரம் டு ஃபிரிமேண்டில் | செப்டம்பர் 7, காலை 9.03

தம்பி, ஒன்பது வருடமாக இங்கே இருக்கிறேன். "நம்ம ஊர் மாதிரியே" என்றவர்கள் யாரும் இங்கே வந்திருக்க மாட்டார்கள்.

வந்தது ஒரு டிசம்பர் மாதம். மறுநாள் ராத்திரி தூக்கமே பிடிக்கவில்லை. சரி, சூரியன் கடலிலிருந்து எழுவதையாவது பார்க்கலாம் என்று விடியற்காலை பெர்த்தின் துறைமுகப் பகுதியான ஃபிரிமேண்டில் மணலில் போய் உட்கார்ந்தேன். ராயபுரத்துப் பழக்கம். கடல் இருட்டாகவே கிடக்கிறது. கொஞ்ச நேரத்தில் முதுகு சுடுகிறது. திரும்பிப் பார்த்தால் சூரியன் எனக்குப் பின்னால், ஓட்டுக்கூரைகளுக்கு மேலே வந்து நிற்கிறது. இங்கே கடல் மேற்கில். சாயங்காலம்தான் சூரியன் தண்ணீரில் இறங்கும். நாயோடு நடந்து வந்த ஒரு பாட்டி என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். எனக்கு ஒரு வாரம் திசையே பிடிபடவில்லை. கடல் இருக்கிற பக்கம் கிழக்கு என்று உடம்பில் ஊறிப்போயிருக்கிறது, என்ன செய்வது.

மாதங்களும் அப்படித்தான். ஜனவரியில் கோடை, ஜூலையில் குளிர், மழையும் குளிரோடுதான் வரும். ஜனவரி பகல் சராசரி 31 டிகிரி சொச்சம் என்று படித்துவிட்டு "ப்பூ, இவ்வளவுதானா" என்று சிரித்தவன் நான். சில நாள் 40 தாண்டும், அது வேறு கதை. நம்மூர் வெயில் வியர்வையாகப் பிழிந்து நிழலுக்குத் துரத்திவிடும். இங்கே காற்று காய்ந்திருப்பதால் வியர்ப்பதே தெரியாது, சுகமாக நின்றுகொண்டே வெந்துபோவோம். வானிலை அறிக்கையில் புற ஊதாக் கதிர் எண் என்று ஒன்று தினமும் சொல்வார்கள், கோடையில் 11, 12 என்று போகும். சென்னையிலும் அந்த அளவு உண்டுதான். ஆனால் உச்சி வேளையில் கடற்கரையில் போய்ப் படுப்பவர்கள் நம்மில் யார்? பள்ளிக்கூடங்களில் தொப்பி இல்லாத பிள்ளைக்கு விளையாட்டு கிடையாது. உங்கள் மகளுக்கு வந்தவுடன் அகல விளிம்புத் தொப்பி ஒன்று வாங்கிவிடுங்கள்.

மத்தியானத்துக்கு மேல் கடலிலிருந்து ஒரு காற்று எழும். "ஃபிரிமேண்டில் டாக்டர்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மே மாதம் இரண்டு மணிக்கு மேல் கடல்காற்று உள்ளே வந்ததும் ஆயா திண்ணையில் "அப்பாடா" என்று முந்தானையை விசிறுவாளே, அதே காற்றுதான். இங்கே டாக்டர் பட்டம் வாங்கிவிட்டது.

குளிரைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். ஜூலை இரவு 8 டிகிரிக்கு இறங்கும். பனியெல்லாம் கொட்டாது. ஆனால் வெளியே இருப்பதைவிட வீட்டுக்குள்தான் குளிரும். வெயில் ஊர் என்ற நினைப்பிலேயே வீடுகளைக் கட்டியிருக்கிறார்கள் போல. நல்ல போர்வை எடுத்து வாருங்கள்.

இப்போது பணம். வாடகை இங்கே வாரக் கணக்கு. வாரம் 600 டாலர் வீடு என்று வையுங்கள். நான்கு வார வாடகை பாண்டு (நம்மூர் அட்வான்ஸ் மாதிரி), இரண்டு வார முன்வாடகை, ஆக 3,600 டாலர். டாலரை 58 ரூபாய் என்று போட்டால் இரண்டு லட்சத்து எட்டாயிரத்து எண்ணூறு. சாவி வாங்க மட்டும் இது. நம்மூரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, காலி செய்யும்போது "பெயிண்ட் அடிக்கப் பிடிச்சிட்டேன்" என்ற பாட்டைக் கேட்போமே, அது இங்கே அவ்வளவு சுலபமாக நடக்காது. பாண்டு பணம் வீட்டுக்காரர் கைக்கே போகாது, மாநில அரசின் பாண்டு நிர்வாகியிடம் இருக்கும். ஆனால் குடிபோனதும் வீட்டின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை கொடுப்பார்கள். சுவரில் இருக்கிற ஒவ்வொரு கீறலையும் நீங்களே எழுதி, போட்டோவோடு ஏழு நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். நான் சோம்பலில் விட்டுவிட்டேன். எனக்கு முன்னால் இருந்தவர் கொட்டிய காப்பிக் கறைக்கு 180 டாலர் அழுதேன்.

முதல் மூன்று மாதம் ஒரு சம்பளத்தில் ஓடும் என்று வைத்துக்கொண்டு, வாடகை, மளிகை, ஒரு பழைய கார், எல்லாம் சேர்த்து 15,000 டாலராவது இருந்தால் ராத்திரி தூக்கம் வரும். கார் ஆடம்பரம் இல்லை. மனைவிக்கு விடியற்காலை ஷிஃப்ட் விழுந்தால் பஸ்ஸை நம்ப முடியாது. வண்டி ஓட்டுவது நம்மைப் போல இடது பக்கம்தான், அது ஒரு ஆறுதல். பஸ் ஏறுவதாக இருந்தால் கை காட்டுங்கள், நிறுத்தத்தில் சும்மா நின்றால் ஓட்டுநர் போய்க்கொண்டே இருப்பார். ஞாயிறு பெரிய கடைகள் 11 மணிக்குத்தான் திறக்கும், 5 மணிக்கு மூடிவிடும். நடுராத்திரி பிரியாணியை மறந்துவிடுங்கள்.

தண்டையார்பேட்டை வெல்டர் | செப்டம்பர் 7, இரவு 10.20

ரொம்ப நன்றி அண்ணா. 15,000 டாலர் என்றதும் வயிற்றைக் கலக்கியது. ஒன்பது லட்சம் பக்கம் வருகிறது. பி.எஃப். எடுத்தால் பாதி தேறும்.

இன்னொன்று. பாரிமுனைப் பக்கம் ஒருவர் எனக்குத் தனியாக வேலை வாங்கித் தருகிறேன், 2.5 லட்சம் கட்டு என்கிறார். கட்டலாமா?

கொருக்குப்பேட்டை சிஸ்டர் | செப்டம்பர் 7, இரவு 10.31

கட்டாதே.

நெறியாளர் | செப்டம்பர் 8, காலை 8.00

ஏஜென்ட் பெயர், போன் நம்பர் எதையும் இங்கே போட வேண்டாம். நல்லவர் என்று சொல்வதற்கும் வேண்டாம்.

கொருக்குப்பேட்டை சிஸ்டர் | செப்டம்பர் 8, மதியம் 1.15

நேற்று டியூட்டி நடுவில் ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனேன். இப்போது விளக்கமாக.

தம்பி, உங்கள் மனைவியின் துணையாக வரும்போது உங்களுக்கு முழு வேலை உரிமை விசாவிலேயே இருக்கிறது. யாரும் உங்களுக்குத் தனியாக எதுவும் "வாங்கித் தர" வேண்டியதில்லை. விசா ஆலோசனைக்கு யாரிடமாவது பணம் கொடுப்பதாக இருந்தால், ஆஸ்திரேலியாவில் இருப்பவர் என்றால் மாரா (விசா ஏஜென்ட்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பு) பதிவு எண் இருக்க வேண்டும். அரசாங்க இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் ஆள் நிஜமா என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். என் அண்ணன் இதைப் பார்க்காமல் ஒருவரிடம் 3 லட்சம் கொடுத்துவிட்டு இரண்டு வருடம் அவர் ஆபீஸ் படி ஏறி இறங்கினான். பிறகு அந்தப் படியும் இல்லை, ஆபீஸைக் காலி செய்துவிட்டார்கள்.

மனைவிக்கு நான் சொல்ல வேண்டியது நிறைய. அவரையே இங்கே எழுதச் சொன்னால் நன்றாக இருக்கும். இந்த இழையில் கணவர்கள்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், சம்பாதிக்கப் போவது அவர்.

முதலில், ஸ்பான்சர் பிடிக்கவில்லை என்றால் அடிமை மாதிரி கிடக்க வேண்டியதில்லை. 2024 ஜூலையிலிருந்து விதி மாறியிருக்கிறது. வேலை போனாலோ விட்டாலோ அடுத்த ஸ்பான்சரைத் தேட ஒரே தடவையில் 180 நாள் வரை அவகாசம் உண்டு. முன்பு 60 நாள்தான். நான் வந்த காலத்தில் அந்த 60 நாள் பயத்திலேயே பலர் வாயை மூடிக்கொண்டு டபுள் ஷிஃப்ட் பார்த்தார்கள். இரண்டு வருடம் ஸ்பான்சர் வேலை பார்த்தால் நிரந்தர விசாவுக்கு முதலாளியே பரிந்துரைக்கலாம்.

அடுத்து, 482இல் வருகிறவர்களுக்கு மெடிகேர் அட்டை, அதாவது அரசாங்க மருத்துவக் காப்பீடு, கிடையாது. தனியார் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும், குடும்பத்துக்கு மாதா மாதம் கணிசமாகப் போகும். பல் கட்ட வேண்டியிருந்தால், கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தால், ஊரிலேயே முடித்துவிட்டு வாருங்கள். தங்கசாலைத் தெருவில் பத்தில் ஒரு பங்குதான் ஆகும்.

சம்பளத்துக்கு மேல் முதலாளி 12 சதவீதம் ஓய்வூதிய நிதியில் போட வேண்டும், 2025 ஜூலையிலிருந்து இந்த விகிதம். இங்கே அதை சூப்பர் என்பார்கள். சம்பளச் சீட்டில் அது வருகிறதா என்று மாதா மாதம் பார்க்கச் சொல்லுங்கள். வெட்கப்படக் கூடாது.

முதியோர் இல்ல வேலையில் ஒரு விஷயம். நம்மூரில் பெரியவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். இங்கே எண்பது வயதுக்காரரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். முதல் வாரம் எனக்கு நாக்கே புரளவில்லை. பெயரை வாய்க்குள் முனகிவிட்டு மனசுக்குள் "தாத்தா" என்று சேர்த்துக்கொண்டேன்.

மணலி மைந்தன் | செப்டம்பர் 8, இரவு 9.48

நான் போய்விட்டுத் திரும்பி வந்தவன். மூன்று வருடம் அங்கே பாய்லர்மேக்கர். தம்பி, இந்த வார்த்தையைக் குறித்துக்கொள். நம்மூரில் வெல்டர், ஃபிட்டர், ஃபேப்ரிகேட்டர் என்று பிரிப்பதை அங்கே ஒரே ஆள் செய்வான், அவன் பெயர் பாய்லர்மேக்கர். "வெல்டர்" என்று மட்டும் தேடினால் பாதி வேலை கண்ணில் படாது. வரைபடம் படிக்க, வெட்ட, அடுக்க, பற்றவைக்க, நான்கும் தெரியும் என்று பயோடேட்டாவில் போடு.

உன் 6ஜி சர்டிஃபிகேட்டை லேமினேட் செய்து கொண்டுபோகாதே, யாரும் பார்க்க மாட்டார்கள். ஒர்க்‌ஷாப்பில் ஒரு தகட்டைக் கொடுத்து வெல்டு அடி என்பார்கள். பெரும்பாலும் ராடு இருக்காது, ஃபிளக்ஸ் கோர் ஒயர்தான் (உள்ளே ஃபிளக்ஸ் தூள் நிரப்பிய கம்பி, மெஷினிலிருந்து வந்துகொண்டே இருக்கும்). காட்டுப்பள்ளியிலேயே ஒயர் மெஷினில் நின்ற நிலையில் மேல்நோக்கி அடித்துப் பழகிக்கொண்டு போ. அங்கே போனதும் முதல் வேலையாக வரி எண், அதாவது டி.எஃப்.என். எடு, அது இலவசம். அப்புறம் கட்டுமானத் தளத்துக்குள் நுழைய வெள்ளை அட்டை, ஒரு நாள் பாதுகாப்பு வகுப்பு.

கப்பல் கட்டும் இடங்கள் பெர்த்துக்குத் தெற்கே ஹெண்டர்சனில் வரிசையாக இருக்கின்றன. பார்த்ததும் உனக்கு எச்சில் ஊறும். ஆனால் கடற்படை வேலைகளுக்குப் பெரும்பாலும் குடியுரிமை கேட்பார்கள். சுரங்க இயந்திரம் பழுது பார்க்கிற ஒர்க்‌ஷாப்புகள்தான் உனக்கு வாசல். வெல்ஷ்பூல், கியூடேல், குயினானா. சுரங்கத்துக்கே போனால் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய், இரண்டு வாரம் வேலை, ஒரு வாரம் வீடு என்று சுழற்றுவார்கள். காசு நிறைய. ஆனால் மனைவிக்கு ஷிஃப்ட், உனக்குச் சுரங்கம் என்றால் குழந்தையை யார் பார்ப்பது? முதல் வருடம் அதை நினைக்காதே.

குயினானா பற்றி ஒரு சிரிப்பு. மணலி புகையிலிருந்து தப்பித்துப் போனவன், வாடகை குறைவு என்று அந்தப் பக்கம் வீடு பார்த்தேன். காலையில் ஜன்னலைத் திறந்தால் தொழிற்சாலைப் புகைபோக்கிகள். சின்ன வித்தியாசம், வானம் நீலமாக இருந்தது. அங்கே 2006லிருந்து கடல்தண்ணீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்று ஓடுகிறது. நம் மீஞ்சூரில் வந்தது 2010இல். உப்புத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிற விதி என்னை விடவில்லை என்று என் மனைவி சொன்னாள். (காய்ச்சுவதில்லை, சவ்வில் வடிகட்டுகிறார்கள். அவளிடம் இதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

ஏன் திரும்பினேன் என்று கேட்பீர்கள். நைனாவுக்குச் சிறுநீரகம் போய் வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். சென்னையிலிருந்து பெர்த்துக்கு நேர் விமானம் இல்லை. சிங்கப்பூர் வரை நாலு மணி நேரம், அங்கிருந்து ஐந்து, நடுவில் காத்திருப்பு வேறு. ஒரு தடவை ஐ.சி.யூ. என்று போன் வந்து நான் வீட்டு வாசலில் இறங்க 19 மணி நேரம் ஆனது. பிழைத்துக்கொண்டார். அடுத்த தடவை இப்படி அமையாது என்று தோன்றியது, வந்துவிட்டேன். கடைசி பதினான்கு மாதம் கூட இருந்தேன். இதற்காக நீ போகாதே என்று சொல்லவில்லை. அம்மாவுக்கு என்ன வயது, சுகர் பிரஷர் உண்டா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று உட்கார்ந்து பேசு. எல்லாரும் வாடகைக் கணக்குப் போடுகிறீர்கள், இந்தக் கணக்கை யாரும் போடவில்லை.

தண்டையார்பேட்டை வெல்டர் | செப்டம்பர் 8, இரவு 11.55

அண்ணா, அம்மாவுக்கு 58. சுகர் இல்லை, மூட்டுவலி உண்டு. தங்கச்சி வீடு திருவொற்றியூரில், மெட்ரோவில் ஏறினால் பத்து நிமிடம். அவளிடம் நாளை பேசுகிறேன். இதை நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

பெரம்பூர் லோகோ | செப்டம்பர் 10, காலை 7.30

எனக்கு வயது 71, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். பெர்த் என்ற பெயரை நான் முதலில் கேட்டது 1960களின் கடைசியில், பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில். பக்கத்து வரிசையில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. பலர் போனது பெர்த்துக்கு. அப்போது வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை முழுவதுமாகப் போகவில்லை, அது ஒழிந்தது 1973இல்தான். அதனால் ஐரோப்பியத் தாத்தா ஒருவர் இருந்தார் என்று காட்ட, பழைய ஞானஸ்நானச் சான்றிதழைத் தேடிக் கோயில் கோயிலாக அலைந்தார்கள். என்னோடு ஹாக்கி ஆடிய பையன் ஒருவன் போவதற்கு முதல் நாள் தன் மட்டையை எனக்குக் கொடுத்தான். அவனுக்கு முகத்தில் சிரிப்பு, அவன் அம்மா கிணற்றடியில் அழுதுகொண்டிருந்தார். இன்றைக்கும் பெர்த்தில் ஆங்கிலோ இந்தியர் நிறைய இருக்கிறார்கள் என்று கேள்வி. நம் வடசென்னையிலிருந்து அந்த ஊருக்குப் போகிற முதல் ஆள் நீங்கள் இல்லை தம்பி.

ராயபுரம் டு ஃபிரிமேண்டில் | செப்டம்பர் 10, காலை 10.12

உண்மைதான் ஐயா. இங்கே ஒரு முதியவரை பஸ்ஸில் சந்தித்தேன். நான் ராயபுரம் என்றதும் ஆங்கிலத்தை நிறுத்திவிட்டு "இன்னாபா, சௌக்கியமா" என்றார். ஐம்பது வருடமாக வேறு யாரிடமும் பேசாததால் அவர் தமிழ் 1970இலேயே நின்றுபோயிருக்கிறது.

வியாசர்பாடிப் பேத்தி | செப்டம்பர் 11, மாலை 4.40

இதைப் படிக்கும்போது எங்கள் தாத்தா நினைவு. 1964இல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர். கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டதும் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தார்கள். வியாசர்பாடியில் குடிசை போட்டு, அப்புறம் ஆயா அத்தோ (பர்மா நூடுல்ஸ்) போட்டு விற்றுத்தான் எங்கள் அப்பாவைப் படிக்க வைத்தார். சாகும்வரை "ஊருக்குப் போனா" என்று தாத்தா சொன்னது ரங்கூனைத்தான். நாங்கள் சிரிப்போம்.

பெர்த்தில் பர்மாக்காரர்களும் நிறைய என்று என் சித்தி மகள் சொன்னாள். மொய்ங்கா (பர்மா மீன் குழம்பு நூடுல்ஸ்) கிடைக்குமாம். வெல்டர் அண்ணா, அங்கே போய் பீச் ஸ்டேஷன் அத்தோவுக்கு ஏங்கினால் அவர்களைத் தேடுங்கள். ஆனால் நம்மூர் அத்தோவை அவர்களிடம் காட்டினால் இது எங்கள் சாப்பாடே இல்லை என்பார்கள், எச்சரிக்கை.

எண்ணூர் கழிமுகம் | செப்டம்பர் 11, மாலை 5.02

முக்கியமான கேள்வியை யாரும் கேட்கவில்லை. கருவாடு கொண்டுபோகலாமா?

ராயபுரம் டு ஃபிரிமேண்டில் | செப்டம்பர் 11, மாலை 6.30

இதற்காகவே தனி இழை போடலாம். விமானத்தில் ஓர் அட்டை கொடுப்பார்கள், சாப்பாட்டுப் பொருள் இருக்கிறதா என்று கேட்டிருக்கும். "ஆம்" என்று குறியுங்கள், எது இருந்தாலும். சொல்லிவிட்டால் அதிகபட்சம் பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள். சொல்லாமல் மாட்டினால் அபராதம் ஆயிரக்கணக்கான டாலர் வரை போகும், விசாவையே ரத்து செய்யவும் அதிகாரம் உண்டு. கறிவேப்பிலை, பழம், விதை, பச்சையாக எதுவும் வேண்டாம்.

மூலக்கொத்தளம் மச்சான் | செப்டம்பர் 11, இரவு 8.08

நான் மூன்று தடவை சொல்லாமலே கொண்டுபோயிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. சும்மா பயமுறுத்தாதீர்கள்.

கொருக்குப்பேட்டை சிஸ்டர் | செப்டம்பர் 11, இரவு 8.20

மச்சான், உங்கள் அதிர்ஷ்டத்தை அவர் மனைவியின் விசாவில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

தண்டையார்பேட்டை வெல்டர் | டிசம்பர் 2, இரவு 9.15

எல்லாருக்கும் பெர்த்திலிருந்து வணக்கம். வந்து பத்து நாள் ஆகிறது.

கருவாட்டுக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா பிடிவாதமாக நெத்திலிக் கருவாட்டை மூன்று கவரில் சுற்றி வைத்துவிட்டார். அட்டையில் "ஆம்" போட்டேன். சோதனை மேசையில் ஒரு பெண் அதிகாரி. கவரை ஒவ்வொன்றாகப் பிரித்தார். மூன்றாவது கவர் திறந்ததும் பின்னால் நின்றவர்கள் தள்ளி நின்றார்கள். அவர் முகம் மாறவே இல்லை. தலை இருக்கிறதா, நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று ஒரு மீனை எடுத்து ஒடித்துப் பார்த்தார். டப்பென்று ஒடிந்தது. "ஓகே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அம்மா உலர்த்தியதற்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டாம். ஆனால் வடிவுடையம்மன் கோயில் குங்குமத்தோடு அம்மா ரகசியமாக வைத்திருந்த வேப்பிலையைப் பிடித்துவிட்டார்கள். அது குப்பைக்குப் போனது. அம்மாவிடம் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.

இப்போதைக்கு ஒரு மலேசியத் தமிழர் வீட்டில் ஓர் அறை. வாடகை வீட்டுக்கு இதுவரை ஏழு விண்ணப்பம், ஏழும் போச்சு. இங்கே வாடகைக்கு இருந்த வரலாறு இல்லை என்கிறார்கள். புதிதாக வந்தவனுக்கு வரலாறு எப்படி இருக்கும்?

ராயபுரம் டு ஃபிரிமேண்டில் | டிசம்பர் 3, காலை 6.40

தண்டையார்பேட்டை வீட்டுக்காரரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கு, எத்தனை வருடம் இருந்தாய், வாடகை ஒழுங்காகக் கொடுத்தாயா என்று. மனைவியின் வேலைக் கடிதம், வங்கி இருப்பு, இரண்டையும் சேர்த்து அனுப்பு. வீட்டைப் பார்க்கப் போகும்போது குடும்பத்தோடு போ. எட்டாவதோ ஒன்பதாவதோ விழும்.

தண்டையார்பேட்டை வெல்டர் | ஜனவரி 18, 2026, இரவு 8.50

பதினொன்றாவது விழுந்தது அண்ணா. தோர்ன்லியில், வாரம் 590. அறிக்கையில் 43 கீறல் எழுதிக் கொடுத்தேன், ஏஜென்சிப் பெண் எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

பொங்கலுக்கு அம்மா வெண்கலப் பானை கொடுத்து அனுப்பியிருந்தார். பின்கட்டில் மூன்று செங்கல் அடுக்கியதும் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் தலையை நீட்டி, கோடையில் வெளியே விறகு மூட்டாதே, தீத்தடை நாளாக இருந்தால் பெரிய அபராதம் என்றார். புல்லெல்லாம் பஞ்சு மாதிரி காய்ந்து கிடக்கிறது, அவர் சொல்வதும் நியாயம். மின்சார அடுப்பில் வைத்தோம், அடி தட்டை இல்லாத பானை, ஆடிக்கொண்டே இருந்தது. பொங்கியது, அடுப்பின் கண்ணாடி முழுக்க. மகள் மட்டும் சரியாகக் கத்தினாள்.

வேலை. மணலி அண்ணா சொன்னது அப்படியே நடந்தது. வெல்ஷ்பூலில் ஒரு ஒர்க்‌ஷாப். சர்டிஃபிகேட் ஃபைலை நீட்டினேன், மேசையில் ஓரமாக வைத்துவிட்டு ஹெல்மெட்டைக் கையில் கொடுத்தார். 12 மில்லி தகடு, நின்ற நிலை, ஃபிளக்ஸ் கோர். முதல் ஓட்டத்தில் கை நடுங்கியது. இரண்டு மாதம் டார்ச்சே பிடிக்கவில்லை இல்லையா. நிறுத்தி, கசடைத் தட்டி, தேய்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் இரண்டு பட்டையாக அறுத்து பிரஸ்ஸில் வைத்து வளைத்தார். விரிசல் இல்லை. "நிறுத்தி மறுபடி அடித்தாயே, அதனால்தான் எடுக்கிறேன்" என்றார். திங்கள்கிழமை சேர்ந்தேன். மனைவி முதல் சம்பளத்தில் இரண்டு வளையலை மீட்கப் பணம் அனுப்பினாள், மிச்சம் இரண்டு என் கணக்கு.

மணலி மைந்தன் | ஜனவரி 18, இரவு 10.05

சபாஷ் தம்பி. சேஃப்டி ஷூவுக்குள் போட நல்ல சாக்ஸ் வாங்கு, இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

தண்டையார்பேட்டை வெல்டர் | பிப்ரவரி 22, இரவு 11.10

நேற்று மாந்துரா போனோம். தெற்கே காரில் ஒரு மணி நேரம், முழங்கால் ஆழக் கழிமுகத்தில் கைவலையோடு நடந்து நீல நண்டு பிடிக்கலாம். கரையிலிருந்து இப்படிப் பிடிக்க லைசென்ஸ் வேண்டாம். ஆனால் ஓடு முள்ளுக்கு முள் 127 மில்லிமீட்டர் இருந்தால்தான் எடுக்கலாம், எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு, சினை நண்டைக் கண்டிப்பாகத் திருப்பி விட வேண்டும். அளக்க ஒரு பிளாஸ்டிக் அளவி விற்கிறார்கள்.

வெயில் இறங்கும் நேரம், ஏழு மணி. சென்னையில் நாலரை, அம்மா வீட்டில் இருப்பார் என்று வீடியோ போட்டேன். வலையில் ஒன்று சிக்கியது. மகள் அளவியை வைத்தாள், ஒரு நூல் குறைவு. தண்ணீரில் விட்டேன்.

"அடப்பாவி, கைக்கு வந்த நண்டையா வுட்ட?" அம்மா கத்தியதில் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் திரும்பிப் பார்த்தார். "அந்த ஸ்கேலை நல்லாக் காட்டு. இத்தினியோண்டு குறைஞ்சா என்னாவாம்? காசிமேட்டுல இதைக் கூறு கட்டி வித்திருப்பேன்டா." அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. திரையில் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். "ஆமா, சூரியன் ஏன்டா தண்ணிப் பக்கம் போவுது?"

எண்ணூர் கழிமுகம் | பிப்ரவரி 23, காலை 5.58

கடைசியில் எத்தனை நண்டு தேறியது?

தண்டையார்பேட்டை வெல்டர் | பிப்ரவரி 23, காலை 6.20

நான்கு. மிளகு போட்டு ரசம் வைத்தோம். அம்மா பக்குவம் சொன்னார், பாதியில் "அந்த விட்ட நண்டு இருந்தா இன்னும் கெட்டியா வந்திருக்கும்" என்றார்.